சுடாத மணல்

கிளினிக் நாள் நெருங்கினால் எங்கள் குசினிக்கு ஒரு பக்தி வந்துவிடும். மருதனார்மடம் சந்தையிலிருந்து பாவற்காயும் வல்லாரையும் வரும். குரக்கன் மாப் பேணி மேல்தட்டிலிருந்து இறங்கும். சோறு சாப்பாட்டுக் கோப்பையின் ஒரு மூலைக்குச் சுருங்கும். சீனிப் போத்தல் அலுமாரியின் பின்வரிசையில் போய் ஒளிந்துகொள்ளும். இரத்தம் எடுக்கிற காலையில் வெறும் வயிற்றோடு, கோயிலுக்குப் போகிற முகத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். கிளினிக் வாங்கு வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் இருக்கிறவர்களும் இதே விரதத்தில்தான் வந்திருப்பார்கள். வாடிய முகத்தைப் பார்த்தாலே தெரியும். இரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே எல்லோரும் எதிரில் இருக்கிற தேத்தண்ணிக் கடைக்குப் போவோம். ஆளுக்கொரு உளுந்து வடை, சீனி போட்ட பால் தேத்தண்ணி. அத்தோடு விரதம் முடிந்தது.

டொக்டரிடம் ஏச்சு வாங்கக் கூடாது என்பதுதான் எங்கள் எல்லோருடைய நோக்கமும். சீனி வருத்தம் எங்களுடையது என்பதே மறந்துவிடும். அது டொக்டர் வைக்கிற ஒரு சோதனை, நாங்கள் அதில் பாஸ் பண்ண வேண்டும். ஓய்வுபெறும்வரை பாடசாலையில் மனையியல் படிப்பித்தவள் நான். கரும்பலகையில் கோப்பை வரைந்து, அதைப் பங்கு பிரித்து, இவ்வளவு சோறு, இவ்வளவு மரக்கறி, இவ்வளவு பருப்பு என்று கலர் சோக்கால் தீட்டிக் காட்டியவள். சோதனைக்கு முதல்நாள் மட்டும் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைகளை நான் ஏசாத ஏச்சில்லை. எனக்கென்று ஒரு சோதனை வந்தபோது நானும் அந்தப் பிள்ளைதான்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், நான் வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி போடுவதேயில்லை. யாரிடமும் அதைத் தலைநிமிர்ந்து சொல்வேன். வெறுந்தேத்தண்ணி, உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. பனங்கட்டி பனையிலிருந்து வருவது, அது சீனியில்லை, உடம்புக்கு நல்லது என்று எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் நம்புகிறார்கள். மனையியல் ரீச்சரும் அந்தப் பாதியில்தான் இருந்தாள். என் கணவர் வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரர். சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் செம்மண் தரை இருக்கிறது. மனிதருக்குக் கதை குறைவு. ஆனால் கதைத்தால் ஒரு வரியிலேயே ஆளை விழுத்திவிடுவார். ஒருநாள் பனங்கட்டி வைத்த ஓலைக் குட்டானைச் சுற்றி ஓடிய எறும்பு வரிசையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இது சீனியில்லையெண்டு உவையளுக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் போல.”

நான் குட்டானைத் தட்டி எறும்பைப் போக்கிவிட்டு அவருக்கு முன்னாலேயே ஒரு துண்டைக் கடித்தேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு.

அந்தக் காலத்தில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நடந்து போகும்போது என் செருப்பு கழன்றுவிடும், கழன்றது எனக்குத் தெரியாது. ஒற்றைச் செருப்போடு கொஞ்சத் தூரம் போயிருப்பேன். பின்னால் வருகிற அவர், “இஞ்சேரும், செருப்பு இஞ்சை கிடக்கு” என்று கூப்பிடுவார். திரும்பிப் பார்த்தால் அது வழியில் தனியாகக் கிடக்கும். இருவரும் சிரிப்போம். ரீச்சருக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று மச்சாளுக்கும் சொல்லிச் சிரித்தோம். மச்சாள் என்றால் அவருடைய தங்கை, பக்கத்து வளவில் இருக்கிறவள். செருப்புப் பட்டி தளர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கினேன். புதியதும் கழன்றது.

ஒருமுறை கிளினிக்குக்கு முதல்நாள் ஒரு கலியாண வீடு வந்து தொலைத்தது. பந்தியில் இருந்தால் பாயாசம் வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வராது. அடுத்த நாள் சோதனையில் நான் பெயில். டொக்டர் இளம் பெண். ஏசவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “அடுத்த முறையும் இப்பிடி இருந்தால் இனி ஊசிதான் அம்மா” என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை.

என் அப்பாவுக்கும் இதே வருத்தம். அவருக்கு முதலில் ஊசி தொடங்கினார்கள். அதன்பிறகு பெருவிரலில் ஒரு சின்னப் புண் வந்தது. புண் கறுத்தது, விரல் போனது, கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்தார்கள். சைக்கிளிலேயே வாழ்ந்த மனிதர் அவர். சைக்கிளை விற்க விடவில்லை. அது சுவரோடு சாய்ந்தபடி நின்று துருவேறியது. அதற்கு எதிரே கதிரையைப் போட்டு இருந்துகொள்வார். அப்பாவின் கால் இருந்த இடத்தில் அவர் உடுத்த சாரம் தட்டையாகக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். முதலில் ஊசி வந்தது, பிறகு கால் போனது. என் மனதில் இந்த இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. ஊசி வந்தால் என் காலும் போகும். டொக்டரிடம் இதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, முருகனைத் தவிர.

அன்று வருகிற வழியில் எங்கள் ஊர்க் கோயிலடியில் பஸ்ஸால் இறங்கி நேர்த்தி வைத்தேன். “அப்பனே, ஊசி வராமல் பார். என்ரை காலைக் காப்பாத்து. சீனி குறைஞ்சால் இந்தத் தேருக்கு அடி அழிக்கிறன்.”

தேரன்று ஆண்கள் தேருக்குப் பின்னால், கோயிலைச் சுற்றிய வெளிவீதி மணலில் உருண்டு பிரதட்டை செய்வார்கள். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் அடி அழித்து வருவார்கள். சில அடி நடந்து, முழங்காலில் இருந்து, கையும் நெற்றியும் மண்ணில் பட விழுந்து கும்பிட்டு, எழுந்து, மறுபடி சில அடி நடக்க வேண்டும். கோயிலை அப்படியே சுற்றி வரவேண்டும். கோடை வெயிலில் காய்ந்த வெள்ளை மணல் அது. சின்ன வயதில் அம்மாவோடு ஒருமுறை செய்திருக்கிறேன், உள்ளங்கால் வெந்து அழுதிருக்கிறேன். அதனால்தான் அதை நேர்ந்தேன். லேசான ஒன்றை நேர்ந்தால் முருகனுக்கு என்ன மதிப்பு?

நேர்த்தி வைத்ததோடு நிற்காமல் அடுத்த கிளினிக்குக்கு முன் என் வழக்கமான பத்தியத்தை இன்னும் இறுக்கினேன். சோற்றை அறவே விட்டேன், டொக்டர் தந்த குளிசையை மட்டும் விடவில்லை. கிளினிக்குக்குப் போகிற பஸ்ஸில் கை நடுங்கி, கண் இருண்டு, வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா தன் பையிலிருந்த ரொபியை உரித்து என் வாயில் வைத்தார். அதுவும் பக்திப் பரவசம் என்றே எடுத்துக்கொண்டேன். அன்று சோதனையில் சீனி நன்றாகக் குறைந்திருந்தது. டொக்டர் முகம் மலர்ந்தார். “நல்லம் அம்மா. அடுத்த முறை மூண்டு மாதச் சீனியையும் ஒருக்கால் பாப்பம்” என்றார். பின்பாதி என் காதில் ஏறவேயில்லை. ஊசி இல்லை. முருகன் கேட்டுவிட்டான். அன்றைக்கு எதிர்க்கடையில் இரண்டு வடை சாப்பிட்டேன்.

அடி அழிக்கப் போகிறேன் என்றபோது கணவர் வெங்காயத்துக்கு வால் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“உமக்கென்ன விசரே? சீனி கோயிலிலை இல்லை. உம்மடை குசினியிலைதான் கிடக்கு.”

“நேர்ந்தாச்சு. இனிக் கதைக்காதேங்கோ.”

அவர் கோயிலுக்கு வருவார், வடம் பிடிப்பார், ஆண்கள் பக்கத்தில் நின்று ஊர்க்கதை கேட்பார். விழுந்து கும்பிட்டு நான் கண்டதில்லை.

தேரன்று விடியமுன் எழுந்து முழுகி, ஒன்றும் சாப்பிடாமல் போனேன். மச்சாளும் தன் மகள் எழுதிய சோதனைக்காக நேர்ந்திருந்தாள். தேர் புறப்பட்டு வீதிக்கு வர வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் தெளித்திருந்தார்கள். தெளித்த இடம் தெளித்த கையோடு காய்ந்தது. அரோகரா சத்தத்துக்கு நடுவே முதல் தடவை விழுந்தேன். நெற்றி சுட்டது, உள்ளங்கை சுட்டது. எழுந்து நடந்தேன். காலில் சூடு ஒன்றும் இல்லை.

முதலில் நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தேன். பக்கத்தில் மச்சாள் ஒரு காலைத் தூக்கி மறு காலில் நின்று, “அப்பனே முருகா, அப்பனே முருகா” என்று துள்ளிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் ஈரமான இடம் தேடி ஓடினார்கள். நான் மட்டும் காய்ந்த மணலில், வீட்டு விறாந்தையில் நடக்கிற மாதிரி நடந்தேன். கையும் நெற்றியும் சுடுகின்றன, கால் மட்டும் சுடவில்லை. காலைத்தானே கேட்டேன்! என் பாதத்தின்கீழே அவன் தன் கையை வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், இந்தச் சொற்களிலேயே. கண்ணீர் கொட்டியது. என் வாழ்க்கையில் அதற்கு முன் கடவுள் அவ்வளவு கிட்ட வந்ததில்லை. அந்த நிமிடத்து ஆனந்தத்தைப் பொய் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு மனம் வரவில்லை.

மச்சாள் மூச்சு வாங்கியபடி கேட்டாள். “உங்களுக்குச் சுடேல்லையோ மச்சாள்?”

“இல்லையடி. ஒரு துளியும் சுடேல்லை.”

அவள் நடுவீதியில் நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “உங்களோடை முருகன் நிக்கிறார்” என்றாள். தண்ணீர்ப் பந்தலில் சர்பத் குடிப்பதற்குள் அவள் அதை நாலுபேருக்குச் சொல்லிவிட்டாள். நான் வேண்டாம் வேண்டாமென்று தலையை ஆட்டியபடி, இன்னும் நாலுபேருக்குச் சொல்லமாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் காலைக் கழுவிவிட்டு உள்ளே போய்ச் சேலை மாற்றினேன். குசினிக்குப் போய் அடுப்பில் கேத்திலை வைத்தேன். கணவர் வெளியிலிருந்து வந்தவர் விறாந்தையில் நின்றுவிட்டார். சீமெந்து நிலத்தில் என் ஈரக்காலடிகள் கிணற்றடிப் பக்கத்திலிருந்து குசினிவரை போயிருந்தன. இடது காலின் அடிகள் காய்ந்துவிட்டன. வலது காலின் அடிகள் காயவில்லை.

அவர் குனிந்து ஒரு அடியை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை மூக்கடியில் பிடித்தார்.

“இஞ்சேரும். உதிலை இரும்.”

“ஏன்?”

“இரும் எண்டு சொல்லுறன்.”

அவர் அப்படி அதட்டிக் கதைத்து நான் கேட்டதில்லை. கதிரையில் இருந்தேன். நிலத்தில் குந்தி என் வலது காலைத் தூக்கிப் பார்த்தார். நான் பதறிப்போய்க் காலை இழுத்தேன். புருஷன் பெண்சாதியின் காலைத் தொடுவதாவது! அவர் விடவில்லை. உள்ளங்காலில் முன்பக்கம் முழுதும் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தோல் சுருண்டு தொங்கியது. அதற்குள் மணல். நான் அந்தக் காலோடுதான் நடந்து வந்திருக்கிறேன், அந்தக் காலோடுதான் கேத்தில் வைத்திருக்கிறேன்.

“நோகேல்லையோ?”

“இல்லை.”

அவர் தொங்கிய தோலுக்குப் பக்கத்தில் நகத்தால் அழுத்தினார். அழுத்துவதைக் கண்ணால் பார்த்தேன்.

“இப்ப?”

“இல்லை” என்றேன். இந்த ‘இல்லை’ வேறொரு ‘இல்லை’. கோயிலில் மச்சாளுக்குச் சொன்ன இல்லையின் அடியில் இது இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அப்பாவின் சாரம் ஞாபகம் வந்தது. முருகன் கிருபை, மருந்து கட்டத் தேவையில்லை என்று இனி யாராவது சொல்வார்களா என்று வாசலைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அவர் ஓட்டோ பிடிக்கப் போய்விட்டார்.

புண்ணைக் கழுவிக் கட்டிய பிறகு கிளினிக்கில் ஒரு தாதி என்னைக் கட்டிலில் படுக்க வைத்தார். கையில் ஒரு சின்னப் பிடி, அதன் முனையில் தூண்டில் நூல் மாதிரி ஒரு நைலோன் நூல்.

“அம்மா, கண்ணை மூடுங்கோ. காலிலை நான் தொடேக்குள்ளை ஓம் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்.”

கண்ணை மூடினேன். முதலில் இடது காலில் குதிப் பக்கத்தில் மெல்லிய தொடுகை. “ஓம்” என்றேன். சோதனையில் முதல் கேள்வி சரி. பிறகு காத்திருந்தேன். வெளியே யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. காத்திருந்தேன். தாதி வேறு வேலையாகப் போய்விட்டார் போலும் என்று நினைத்தேன்.

“மிஸ், தொடங்கேல்லையோ?”

“முடிஞ்சுதம்மா. கண்ணைத் திறவுங்கோ.”

இரண்டு காலும் முடிந்துவிட்டன. எல்லா விரல்களும், உள்ளங்காலும், ஓரங்களும். எனக்கு ஒரு தொடுகைதான் கிடைத்தது. கண்ணைத் திறந்தபோது கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நூல் தொட்டதையும் நான் பேசாமல் இருந்ததையும் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். அவருடைய கண் சிவந்திருந்தது. புகையிலைக்கு மருந்தடித்து வந்த கண் என்றுதான் பிறகு சாதித்தார்.

அன்று மூன்று மாதச் சீனியையும் பார்த்தார்கள். அந்தச் சோதனைக்கு முதல்நாள் பாவற்காய் சாப்பிட்டுப் பயனில்லை. பின்னால் போய் எல்லா வடையையும், எல்லாப் பாயாசத்தையும், குட்டான் குட்டானாகத் தின்ற பனங்கட்டியையும் அது கூட்டி வைத்திருக்கிறது. டொக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

“ஊசி வேண்டாம் டொக்டர். எங்கடை அப்பாவுக்கு ஊசி போட்டுத்தான் கால் போனது.”

முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். டொக்டர் பேனையை மூடி வைத்தார்.

“ஊசியாலை கால் போறேல்லை அம்மா. சீனி கனகாலம் கூடிக் கிடந்தால் நரம்பு பழுதாகும், புண் வந்தாலும் தெரியாது, ஆறாது. அப்பாவுக்கு ஊசி பிந்தித் தொடங்கியிருப்பினம். உங்களுக்குப் பிந்த வேண்டாமெண்டுதான் கேக்கிறன்.”

“போன உணர்ச்சி திரும்பி வருமோ?”

“அப்பிடி வாக்குத் தரேலாது. இருக்கிறதைக் காப்பாத்துவம். காலைக் காப்பாத்துவம்.”

நேர்த்தியில் நான் கேட்டதும் அதைத்தான். கையை நீட்டினேன். முதல் ஊசி எறும்பு கடித்த மாதிரிக்கூட இல்லை. இதற்கா இவ்வளவு காலம் பயந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

புண் ஆறக் கனகாலம் எடுத்தது. அந்தக் காலத்தில்தான் எங்கள் வீட்டுக்குச் சீனி பார்க்கிற மெசின் வந்தது. விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், உடனே விடை. எனக்குச் சோதனை வைக்கிறதும் திருத்துகிறதும் இப்போது நானேதான். சாப்பிட்ட பிறகு பார்க்கத் தொடங்கியபோது, படிப்பித்த பாடத்தை முதல் தடவையாகப் படித்தேன். பனங்கட்டியின் மானம் முதல்நாளே போனது. சீனி செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்தது. எறும்புகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. “உவையளுக்கு முதலே தெரியும்” என்றார் அவர். அடுத்த ஏமாற்றம் குரக்கன் புட்டு. குரக்கன் நல்லது என்று கோப்பையில் மலையாகக் குவித்து, தேங்காய்ப்பூவும் கலந்து சாப்பிட்டுவந்தேன். மெசின் மலையையும் மலையாகவே காட்டியது. கைப்பிடி அளவு புட்டும், கோப்பையின் மிச்சத்துக்குக் கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் என்றால் இலக்கம் அடங்கியது. சிவப்பரிசிச் சோறும் அப்படித்தான், நிறத்தில் ஒன்றும் இல்லை, அளவில்தான் எல்லாம். கரும்பலகையில் நான் கலர் சோக்கால் பங்கு பிரித்த அதே கோப்பை. அதை என் குசினிக்குக் கொண்டுவர எனக்குக் கால் வேகவேண்டியிருந்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். கறுத்தக் கொழும்பான் மாம்பழக் காலம் வந்தபோது நான் வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். எல்லோர் என்றால் அவர் ஒருவர்தான். அவர் எனக்குத் தெரியாமல் கிணற்றடிக்குப் பின்னால் நின்று மாம்பழம் தின்று, கையைக் கழுவிக்கொண்டு வருவார். வாசம் ஆளுக்கு முன்னால் வரும். ஒருநாள் பிடித்துவிட்டேன். “களவாகத் திண்டால் ருசி கூடவோ?” என்று கேட்டேன். அடுத்த நாள் முதல் ஒரு துண்டை எனக்கு வெட்டி வைத்தார். துண்டைச் சாப்பிட்டால் அன்றைக்குச் சோறு குறைய வேண்டும். இந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் பழகிவிட்டது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது, சீனி போடவோ என்று கேட்கவும் பழகினேன். முதலில் அது கஞ்சத்தனமாகப் பட்டது. கேட்கக் கேட்கத்தான், வேண்டாம் என்று சொல்லக் காத்திருந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று தெரிந்தது.

பழகாத ஒன்று கால்தான். ஒவ்வொரு நாளும் காலைப் பார்க்க வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தார். உள்ளங்கால், விரலிடுக்கு, எல்லாம். எனக்குக் குனிந்து பார்க்க முழங்கால் விடாது. பின்னேரம் தோட்டத்தால் வந்து குளித்துவிட்டு, அவர் ஒரு சின்ன வாங்கை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் இருப்பார். துவாயை மடியில் விரித்து, “கொண்டாரும்” என்பார். எத்தனையோ நாள் மல்லுக்கட்டினேன். பாவம் வரும் என்றேன், ஆட்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்றேன். “வெங்காயத்திலை புழு கிடக்கோ எண்டு பாக்கிறனான். உதைப் பாக்கேலாதோ?” என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்வது? விரல் விரலாக விரித்துப் பார்ப்பார். அவர் தொடுவது எனக்குத் தெரியாது. குனிந்த தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். கலியாணம் கட்டிய காலத்திலிருந்து அந்தத் தலை நரைத்த விதத்தை நான் இவ்வளவு கிட்டப் பார்த்ததில்லை. ஒருநாள் பார்த்து முடித்துவிட்டுச் சும்மா இருந்தார். கையை எடுத்துவிட்டார் என்று நினைத்து எழும்பப் போனேன். எடுக்கவில்லை, அவர் கை என் காலைப் பிடித்தபடியே இருந்தது. அன்று நான் அழுதேன். புண்ணுக்காக அழாத அழுகை எல்லாம் அன்று வந்தது.

புண் ஆறியது. கால் மிஞ்சியது. மூன்று மாதச் சீனியும் படிப்படியாக இறங்கியது. உணர்ச்சி மட்டும் வரவில்லை.

பிறகு இந்த வருடத் தேர் வந்தது. மச்சாளின் மகள் சோதனையில் பாஸ், அதனால் மச்சாள் மறுபடியும் அடி அழிக்கப் போனாள். நான் எதையும் நேரவில்லை. தேரைப் பார்க்க வேண்டும், கும்பிட வேண்டும், அவ்வளவுதான். விரதமும் இருக்கவில்லை. அளவாகச் சாப்பிட்டு, காலுறையும் மூடிய செருப்பும் போட்டுக்கொண்டு, வீதிக்கு வெளியே வேம்பின்கீழே நின்றேன். அவர் வடம் பிடிக்கப் போகாமல் பக்கத்தில் நின்றார்.

தேர் எங்கள் பக்கம் திரும்பியது. அலங்காரத்தோடு அவன் வந்துகொண்டிருந்தான். ஊர் முழுக்க அரோகரா. எனக்குத் தாங்கவில்லை. கிட்டப் போய் ஒருமுறை கும்பிட வேண்டும் போலிருந்தது. வீதிக்குள் செருப்போடு போகமுடியாது. குனிந்து செருப்பைக் கழற்றப் போனேன்.

“பொறும்” என்றார் அவர்.

வெறுங்காலோடு வீதிக்குள் போனார். தேருக்கும் சனத்துக்கும் முன்னால், எங்கேயும் விழுந்து கும்பிடாத அந்த மனிதர் முழங்காலை மடித்துக் குனிந்து மணலில் உள்ளங்கையை வைத்தார். உடனே எடுக்கவில்லை. நன்றாக அழுத்தி, கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் நின்ற இரண்டுபேர் தாங்களும் தொட்டுக் கும்பிட்டார்கள். அவர் எழுந்து, கையைத் தட்டாமல் அப்படியே ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையை எடுத்து, தன் உள்ளங்கையை அதற்குள் வைத்தார்.

“சுடுது” என்றார்.

சுட்டது. மணல் ஒட்டிய கையின் சூடு என் கைக்குள் ஏறியது. போன வருடம் என் கால் தவறவிட்ட சூடு இதுதான். செருப்பைக் கழற்றவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். தேர் எங்களைக் கடந்து போனது. இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட வேண்டும், ஆனால் ஒரு கை அவரிடம் இருந்தது.

“கையை விடும்” என்றார் மெதுவாக. “ஆக்கள் பாக்கினம்.”

நான் விடவில்லை.